காத்திருக்கும் பள்ளிக்கூடம்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஏழெட்டு அச்சிட்ட தாள்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இணையவழிப் பள்ளிக்கூடத்தின் விளம்பரம். எல்லாவற்றிலும் ஒரு பெண், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதில் எது நல்ல பள்ளிக்கூடம் என்று நீங்கள் பார்த்துச் சொல்லவேண்டும், ஸார்" என்றார்.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவன்; கதை எழுதிப் பிழைக்கிறவன். பள்ளிக்கூடம் பொறுக்கிக் கொடுக்க எனக்கு என்ன யோக்கியதை? ஆனால், கதை எழுதுகிறவனுக்கு ஒரு துர்ப்பழக்கம் உண்டு. தாளைக் கொடுத்தால், கொடுத்தவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பான். பார்த்தேன். விஷயம் தாளில் இல்லை என்று தெரிந்தது.

அவருடைய பெண்ணுக்குப் பதினான்கு வயது முடிந்துவிட்டது. பேசும்போது நாக்கு தடைப்படும். வகுப்பில் எழுந்து பாடம் வாசித்தால், இரண்டாவது வரிக்குள் எங்கிருந்தாவது ஒரு சிரிப்பு கிளம்பும். பிறகு அது பரவும். ஒருமுறை ஆசிரியையும் உதட்டைக் கடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டாராம். அன்றிலிருந்து அவள் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். எந்தக் கேள்வி கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குத் தடங்கல் இல்லாமல் வருகிறது. விடை தெரிந்திருந்தும் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் வருஷந்தோறும் சம்பளம் கட்டிவந்தார்கள்.

2020-இல் தொற்று வந்து பள்ளிகள் மூடியபோது, பாடங்கள் கைப்பேசியில் நடந்தன. வீட்டில் கைப்பேசி இல்லாத எத்தனையோ பிள்ளைகள் அந்த நாட்களில் படிப்பையே இழந்தார்கள். எல்லாரும் அதைக் கெட்ட காலம் என்கிறோம். இந்தப் பெண்ணோ அதைத் தன் வாழ்வின் பொற்காலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்போது விடைகளை எழுத்தில் அடித்து அனுப்பினாள். எல்லாருக்கும் முன்னால் அவள் விடைதான் போய்ச் சேர்ந்தது. உலகம் கதவடைத்துக்கொண்ட போது ஒரு குழந்தைக்குக் கதவு திறந்தது என்றால், அந்த உலகத்தைப் பற்றி நாம் சற்று யோசிக்க வேண்டாமா?

முதலில் வெறும் காரியத்தை முடித்துவிடலாம் என்று விசாரித்தேன். பாடம் நடத்துகிறவர் வேறு, பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறவர் வேறு என்பதைத் தகப்பன்மார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த விளம்பரத்திலும் முதலில் தேடவேண்டியது, பரீட்சை எந்த வாரியத்தின் மூலம் என்ற ஒரு வரியைத்தான். நம் நாட்டில் இப்படிப்பட்ட பள்ளிகள் பல, பிள்ளைகளைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பரீட்சைக்கு அனுப்புகின்றன. அது 1989-இல் மத்திய அரசு ஏற்படுத்திய நிறுவனம். பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது முடிந்திருந்தால் போதும். ஐந்து பாடங்கள் தேறவேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு. தேறிய பாடத்தின் மதிப்பெண் கணக்கிலேயே இருக்கும். மீதியை எழுதி முடிக்க ஐந்தாண்டு அவகாசம். ஆகவே, சான்றிதழ் பயம் வேண்டாம் என்று நண்பருக்குச் சொன்னேன்.

ஆனால் பயம் அவருடையது அல்ல, அவர் மனைவியுடையது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாள் நேராகவே கேட்டாள்:

"அண்ணா, நாளைக்கு உலகம் சிரிக்காதா? எத்தனை நாள் இவளை ஒரு அறைக்குள் ஒளித்து வைக்கிறது? பத்துப் பேரோடு பழகினால்தானே மனுஷத்தனம் வரும்?"

லேசில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல அது. பள்ளிக்கூடம் பாடத்துக்காக மட்டும் அல்ல, கூடி வாழப் பழகுவதற்காக என்று நானும் மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு விடையாக எனக்கு நினைவு வந்தது ஒரு பையன்.

என் எட்டாம் வகுப்பில் அவனுக்கும் இதே தடங்கல் இருந்தது. அவன் வாசிக்கும்போது சிரித்தவர்களில் நானும் ஒருவன். வெறும் சிரிப்பு அல்ல. அவனைப் போலவே பேசிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு கதையில் ஒரு வெட்கப்பட்ட மனிதனை எழுத முயன்றபோதுதான் அவன் முகம் வந்து நின்றது. 'பத்துப் பேரோடு பழகியதால் எனக்குக் கொஞ்சம் மனுஷத்தனம் வந்தது' என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், அதற்குச் சம்பளம் கட்டியவன் அவன் அல்லவா? நான் மனிதனாவதற்கு அவன் என்ன, என் பாடப்புத்தகமா?

கூடிவாழும் பயிற்சி நல்லதுதான். அதற்காகும் செலவை ஒரே குழந்தையின் தலையில் கட்டுவதுதான் அநியாயம். சிரிப்பைச் சகிக்கத் தெரிவது கல்வி என்றால், சிரிக்காமலிருக்கத் தெரிவது அதைவிடப் பெரிய கல்வி. இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். என் கதையையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

இருந்தாலும், அவளுடைய பயத்தில் பாதி நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். ராமானுஜன் பதினாறாம் வயதில் ஒரு கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே கற்றார். கல்லூரிப் பரீட்சையில் தோற்றார். புத்தகம் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. 1913-இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு கடல் கடந்து அவரிடம் போனார். அவ்வளவு பெரிய அறிவுக்கே, 'எப்படி வந்தது?' என்று எதிரில் உட்கார்ந்து கேட்கிற ஒரு மனிதர் வேண்டியிருந்தது. பதிவு செய்து வைத்த பாடம் யாரையும் பார்த்துச் சிரிக்காது, உண்மை. யாருக்காகவும் காத்திருக்கவும் காத்திருக்காது.

பெரியவர்கள் மூவரும் இப்படி வெகுநேரம் வாதாடினோம். பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்புறந்தான் எனக்கு உறைத்தது.

"உனக்கு எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் வேண்டும், அம்மா?" என்றேன்.

அவள் சொல்லி முடிக்கச் சற்று நேரமாயிற்று. தாய் இடையில் உதவிக்கு வாயெடுத்தாள். தகப்பனார் கை காட்டி நிறுத்தினார்.

"நான் சொல்லி முடிக்கிறவரை... காத்திருக்கிற பள்ளிக்கூடம், மாமா."

அதன் பிறகு தேர்வு சுலபமாகிவிட்டது. ஆசிரியர் நேரில் முகம் காட்டிப் பாடம் நடத்துகிறாரா, வகுப்பில் எத்தனை பேர், மாதிரி வகுப்பில் அவளைக் கேள்வி கேட்டால் எவ்வளவு பொறுக்கிறார் என்று மட்டும் பார்த்தார்கள். ஆறு தாள்கள் குப்பைக்குப் போயின. தாய் ஒரு நிபந்தனை போட்டாள்: தினமும் மாலையில் நூலகத்துக்குப் போய், வேண்டிய புத்தகத்தை வாயால் கேட்டு வாங்கி வரவேண்டும். பெண் ஒப்புக்கொண்டாள்.

அவள் ஓடி ஒளிகிறாளா, அல்லது மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வரப் போகிறாளா என்பது இனிமேல்தான் தெரியும். எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பிள்ளை ஐந்து பாடம் தேறுவதற்கு ஐந்து வருஷம் காத்திருக்கச் சர்க்கார் சட்டத்துக்கு மனம் வந்திருக்கிறது. அது ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்கு அரை நிமிஷம் காத்திருக்க, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று மனம் வரவில்லை.