பால்மரமும் பெயர்ந்து வந்த மனிதனும்



பெயர்ந்து வந்தவன் வந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கலாம் என்ற கேள்வி நம் கடைகளில் அடிக்கடி எழுகின்றது. பேராக் வாசிகளாகிய நமக்கு இதில் ஒரு சாட்சி கண்ணெதிரே நிற்கிறது. அதுதான் ரப்பர் மரம்.

அது இந்நாட்டுப் பிறவியன்று. 1876-ம் ஆண்டில் பிரேஸிலிலிருந்து சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. முளைத்த கன்றுகளில் 22, மறு ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 நமது கோலகங்சாரில் நடப்பட்டன.

இம்மரம் சீதோஷ்ணத்துக்கு இணங்கும் விதம் விசேஷமானது. பெப்ரவரி, மார்ச் வறட்சியில் இலையை உதிர்த்துவிடும். உதிர்க்குமுன் இலையிலுள்ள சத்தில் ஒரு பங்கைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். கடை மூடுமுன் பற்றை வசூலிக்கும் வியாபாரி போல எனலாம். ஆனால் மரம் யாரையும் வைதுகொண்டு வசூலிப்பதில்லை! உச்சி வெயிலில் இலையின் நுண்துவாரங்களை மூடி நீரை மிச்சப்படுத்தும். மூடிய நேரத்தில் அதன் உணவும் குறையும். ஆக, இணங்கிப் போவதற்கு விலை உண்டு.

மரத்துக்குக் கால் இல்லை. ஆகவே அது வளைவதில் புகழும் இல்லை, பழியும் இல்லை. நமக்கோ கால் உண்டு, புத்தியும் உண்டு. பிழைப்புக்காக வளைந்தோமா, பேராசைக்காகவா என்று நாம் கேட்கப்படுவோம். மலாய் பேசக் கற்றோம், சீனமும் கொஞ்சம் கற்றோம், விற்கும் சரக்கை மாற்றினோம், இவை இலைகள். தராசு அப்படியன்று. ஆளுக்கு ஆள் தராசு மாறினால் அதற்கு இணக்கம் என்று பெயரில்லை.

இன்னொன்றும் உண்டு. பிறந்த நாட்டிலேயே இம்மரத்தை நெருக்கி நட்டபோது இலைக்கருகல் நோய் பிடித்தது. மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு 1928-ல் பிரேஸிலில் தொடங்கிய தோட்டம் 1945-ல் கைவிடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அந்நோய் கடல் தாண்டி இங்கே வரவில்லை. எனவே மரம் இங்கு செழித்தது முழுதும் அதன் சாமர்த்தியமன்று. நம்மில் செழித்தோர் இதை யோசிக்க வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டோ, செம்பனைக்கு மாறியோ, வேலையும் வீடும் இழந்து ஈப்போவுக்கு வந்தவனைப் பார்த்து, "என்னால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?" என்கிறோம். அவனைத் தொடர்ந்து வந்த நோய் நம்மைத் தொடரவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் வாப்பாவின் பேரேட்டில் தோட்டத்து ஜனங்கள் சிலரின் பற்று இன்னும் தீராமல் நிற்கிறது. அதைக் கேட்டு எவர் வாசலுக்கும் போகக்கூடாது என்று அவர்கள் சொல்லிப் போனார்கள்.