தெரியாமல் சிவக்கும் முகங்கள்

நாலு பேர் முன்னால் ஒருவரைத் திட்டும்போது சட்டென்று வாயில் வந்து விழுகிற கேள்வி ஒன்று உண்டு: "கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?" கட்டணம் கட்டாத மாணவனிடம் கேட்கிறோம், தாமதமாக வந்த ஊழியரிடம் கேட்கிறோம், வாங்கிய கடனைத் திருப்பித் தராத உறவுக்காரரிடமும் கேட்கிறோம். அவர் பேசாமல் நின்றால், "மரம் மாதிரி நிக்கிறான் பாரு" என்கிறோம். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு பெரும்பாலும் தவறு.

வெட்கப்படும்போது முகத்தின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத நரம்புகளின் வேலை இது. பொய்யாகச் சிரிக்கலாம், பொய்யாக அழலாம். பொய்யாக முகம் சிவப்பது எளிதில் யாருக்கும் வராது. சார்லஸ் டார்வின், உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றி 1872-ல் வெளியிட்ட நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். மெய்ப்பாடுகளிலேயே மனிதனுக்கு மிகவும் உரியது இது என்றும், பிறர் நம்மை என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமே இதைக் கிளப்புகிறது என்றும் எழுதினார்.

அந்த நூலுக்காக அவர் 1867-ல் பல நாடுகளில் இருந்தவர்களுக்கு ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். தோலின் நிறம் தெரியவிடும் இடங்களில், வெட்கம் முகத்தைச் சிவக்க வைக்கிறதா என்பது அதில் ஒரு கேள்வி. அநேகமாக எல்லா இனத்தாருக்கும் இது பொது என்றே அவருக்குத் தெரியவந்தது. கறுப்பினப் பெண் ஒருவரைப் பற்றி மருத்துவர் பர்ஜெஸ் எழுதிய குறிப்பையும் டார்வின் எடுத்துக்காட்டுகிறார். யாராவது வெடுக்கென்று பேசினாலோ, சின்னதாகக் குற்றம் சாட்டினாலோ அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த தழும்பு மட்டும் சிவந்துவிடுமாம். முகம் முழுக்க நடந்ததைத் தழும்பு காட்டிக்கொடுத்தது. மற்ற இடங்களில் தோலின் கருமை மறைத்துக்கொண்டது.

நம் ஊர் முகங்கள் பெரும்பாலும் மாநிறமும் கறுப்பும்தான். ரத்தம் ஏறுவது பார்ப்பவருக்குத் தெரியாது. காதுமடல் சுடுவது நிற்பவருக்கு மட்டும் தெரியும். தவறு செய்தவரின் முகம் சிவந்து தெரிந்தால் பார்ப்பவர்கள் அவரிடம் இளகுகிறார்கள் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2009-ல் எழுதினார்கள். தெரிகிற சிவப்புக்குக் கிடைக்கும் அந்த இரக்கம், தெரியாத சிவப்புக்கும் கிடைக்க வேண்டாமா?

வெட்கம் வெளியே தெரியாதபோது, பல சமயம் அதற்குப் பதிலாகக் கோபம்தான் தெரிகிறது. எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரு மாலை இதைக் கண்ணால் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் சட்டைப் பையிலிருந்த நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். "காசு பத்தலைன்னா முதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்று கடைப் பையன் சத்தமாகக் கேட்டான். "ஏன், தூக்கிட்டு ஓடிருவேனா?" என்று அவர் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. வரிசையில் நின்ற நாங்கள் அவரைச் சண்டைக்காரராகத்தான் பார்த்தோம். கடைக்கார அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் மாத்திரை அட்டையை வாங்கி, கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினார். "அஞ்சு நாளைக்கு இருக்குண்ணே. மிச்சத்த அப்புறம் வாங்கிக்கலாம். எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்றார். கத்தியவரின் குரல் அங்கேயே இறங்கிவிட்டது. அவரிடம் முதலில் எழுந்தது வெட்கம். அதை மூடத்தான் கோபம் வந்தது. கோபத்துக்குப் பதில் சொல்லாமல் வெட்கத்தை ஆற்றினார் அந்த அம்மா.

வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே கொடுத்து, அதைக் குடியியலில் வைத்தார். மக்களோடு மக்களாக வாழத் தேவையான குணங்களில் ஒன்றாக அதைக் கருதியிருக்கிறார். ஒருவருக்குள் இருக்கும் நாணத்தை ஊர் பார்க்கத் தோண்டி எடுத்தால் அது வளராது, மரத்துப்போகும். திட்டு வாங்கி வாங்கி மரத்துப்போன பிள்ளையிடம் பிறகு எந்தச் சொல்லும் எடுபடாது.

தவறைச் சுட்டிக்காட்ட வேண்டியதுதான். கட்டணம், கடன், தாமதம் எல்லாம் பேச வேண்டிய விஷயங்களே. அவற்றைத் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள், குரலைத் தணித்துப் பேசுங்கள். எதிரில் நிற்பவரின் முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும், உள்ளே ரத்தம் ஏறியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.