ஆவூர்க் கோட்டையும் பன்னர்கட்டா சாலையும்

2024 பிப்ரவரி 23 அன்று பைஜூஸ் இணையவழிக் கல்வி நிறுவனத்தின் முதலீட்டாளர்கள் கூடி, நிறுவனர் பைஜு ரவீந்திரனைத் தலைமையிலிருந்து நீக்க வாக்களித்தார்கள். கூட்டமே செல்லாது என்றது நிறுவனம். தீர்மானங்களைச் செயல்படுத்தக் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு நாள் முன்பே இடைக்காலத் தடை விதித்திருந்தது. உரிமைப் பங்குகளை விற்றுத் திரட்டிய பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொன்னது நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். மார்ச் பிறந்தது, பிப்ரவரிச் சம்பளம் வரவில்லை. பணம் இருக்கிறது, தொடத்தான் முடியவில்லை, சில முதலீட்டாளர்களே காரணம் என்று நிறுவனர் ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார். சில நாள் கழித்து ஒரு பகுதிச் சம்பளம் வந்தது. பெங்களூரு பன்னர்கட்டா சாலைத் தலைமையகம் நீங்கலாக அலுவலகங்களைக் காலி செய்து, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள்.

யார் தலைவர் என்றே தெரியாத நேரத்தில் ஊழியர் கேள்வி கேட்பது முறையா, விசுவாசக் குறைவா? முறைதான். அவருடைய பதற்றத்தில் குற்றம் ஏதுமில்லை. அவரை இருட்டில் வைத்தவர்கள் மீதே குற்றம்.

இந்த வழக்கைச் சங்கப் புலவர் கோவூர் கிழார் முன்பே பார்த்திருக்கிறார். நலங்கிள்ளி முற்றுகையிட்டான், நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். இருவரும் சோழர். புலவர் எவர் பக்கத்து நியாயத்தையும் அலசவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் நெடுங்கிள்ளி முகத்துக்கு நேரே சொன்னார்: கவளம் கிடைக்காத யானைகள் கம்பத்தில் முட்டுகின்றன, பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன, வீடுகளில் தண்ணீர் இல்லை. அறவழி என்றால் கதவைத் திறந்து கொடு, மறவழி என்றால் திறந்து போரிடு. இரண்டும் இல்லாமல் மூலையில் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்றார். உறையூர் முற்றுகையின்போது, தோற்பது எவரானாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று இருவருக்கும் சேர்த்தே சொன்னவரும் அவரே. பைஜூஸ் விவகாரத்தில் இரு தரப்பும் வழக்கறிஞர்களை வைத்துக்கொண்டன. சம்பளக்காரருக்கு ஒரு கோவூர் கிழார் வாய்க்கவில்லை.

அந்தச் சம்பளக்காரர் யார்? பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த இளைஞர். வாடகை வீட்டுக்குப் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் தேதி இஎம்ஐக்கு வங்கிக் குறுஞ்செய்தியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர். ராஜினாமா செய்தால் நோட்டீஸ் பீரியட், ரிலீவிங் லெட்டர், கணக்கு முடிப்பு என்று மூன்று வாசல் தாண்ட வேண்டும். செய்யாவிட்டால், நாளைய தலைவர் தன்னை எந்தக் கூட்டத்து ஆள் என்று எண்ணுவாரோ என்ற பயம். மனைவி மக்களும் ஏவலரும் நல்லவர்கள், அரசனும் அல்லாதது செய்யாமல் காக்கிறான், அதனால் வயதாகியும் எனக்கு நரையில்லை என்றார் சங்கப் புலவர் பிசிராந்தையார். பெங்களூருவில் முப்பது வயதிலேயே நரைப்பதற்குத் தண்ணீரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நிர்வாகத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொன்னால் பீதி பரவும், நீதிமன்றத்தில் இருப்பதைப் பேசவும் முடியாது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் குற்றமற்ற நன்மை என்பது அவர் வைத்த நிபந்தனை. ஊழியருக்குத் தெரிந்தால் வேறு வேலை தேடிப் போய்விடுவார் என்று மறைப்பதில் நன்மை யாருக்கு? இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்றவரும் அவர்தான். பைஜூஸில் அறிகுறிகள் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்தன. 2023 ஜூனில் தணிக்கையாளர் டெலாய்ட் விலகியது. கணக்குகள் வந்து சேரத் தாமதம் என்றது. அதையொட்டி மூன்று இயக்குநர்களும் வெளியேறினார்கள். செப்டம்பரில் வந்த, இந்தியப் பிரிவின் தலைமைச் செயல் அதிகாரி அடுத்த ஏப்ரலில் போய்விட்டார். மேல்மாடிக்காரர்கள் ஆபத்தை உணர்ந்து இறங்கிப் போனால் அது தொழில்முறை முடிவு. கீழ்த்தளத்தில் ஒருவர் வாட்ஸாப் குழுவில் கேட்டால் மட்டும் வதந்தியா?

இன்ஃபோசிஸிலும் நிறுவனருக்கும் இயக்குநர் குழுவுக்கும் மோதல் வந்தது. 2017 ஆகஸ்ட் 18 அன்று தலைமைச் செயல் அதிகாரி விஷால் சிக்கா விலகினார்; 24ஆம் தேதி நந்தன் நிலேகணி இயக்குநர் குழுத் தலைவராக வந்து அமர்ந்தார். அந்தச் சண்டையிலும் எல்லாம் வெளிச்சத்தில் நடக்கவில்லைதான். ஆனாலும் தலைவர் நாற்காலியில் யார் என்ற கேள்விக்கு ஒரு வாரத்துக்குள் விடை வந்தது.

சட்டமும் ஊழியரை முன்வரிசையில் உட்கார வைப்பதில்லை. திவால் சட்டப்படி சொத்தை விற்றுப் பங்கிடும்போது தொழிலாளரின் 24 மாதப் பாக்கி பிணை பெற்றுக் கடன் கொடுத்தவர்களின் பாக்கியோடு சமமாக நிற்கும். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராத ஊழியரின் 12 மாதப் பாக்கி அதற்கும் கீழே. 2024 ஜூலையில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்குத் தரவேண்டிய சுமார் 158 கோடி ரூபாய்ப் பாக்கிக்காகப் பைஜூஸ் மீது திவால் நடவடிக்கை தொடங்கியபோது, ஊழியர்களும் பாக்கி வரவேண்டியவர்களின் வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

கன்றை இழந்த பசு மணியடித்ததும் மனுநீதிச் சோழன் சாட்சி, அவகாசம், மேல்முறையீடு என்று இழுக்கவில்லை; கன்றைக் கொன்ற தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அவ்வளவு பெரிய தியாகத்தை எந்த இயக்குநர் குழுவிடமும் யாரும் எதிர்பார்க்கவில்லை. தலைவரை நீக்கும் தீர்மானத்தை எடுப்பதற்கு முன் அந்த மாதச் சம்பளத்துக்கான பணத்தைத் தனியே ஒதுக்கட்டும். வழக்குத் தொடுப்பவர்களும் பணத்தை முடக்கக் கோரும் மனுவிலேயே, சம்பளத்துக்கு விலக்கு வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும்.