நஞ்சின் பொறுப்பு

நன்மையும் தீமையும் பொருளின் இயல்பா, அன்றிப் பயன்படுத்துவோனின் செயலா என்பது அறவியலின் பழைய வினாவாகும். ஊமத்தை விதை அவ்வினாவை மீண்டும் எழுப்புகின்றது. அதிலுள்ள அத்திரோப்பின் முதலிய நச்சுப்பொருள்கள் நாவை உலர்த்திக் கண்மணியை விரித்துச் சித்தத்தைக் கலக்கி, உயிரையும் போக்கவல்லன.

எனினும், திம்புள்ளப் பகுதியின் மரக்கறிப் பாத்திகளில் பூச்சிகொல்லி தெளிக்கும் தொழிலாளி, சேதனப் பொசுபரசு நஞ்சு தாக்கி, நுரையீரலில் நீர் பெருகி மூச்சடைத்து வைத்தியசாலையை அடைவானாயின், அவனைக் காக்க வைத்தியர் நாடுவதும் அத்திரோப்பினையே. நலமுள்ளவனை வருத்தும் உலர்த்தும் இயல்பே அவனுக்கு உயிர் அளிக்கின்றது. விதைக்கு விதை நஞ்சின் அளவு வேறுபடுதலால் விதை தானே மருந்தாகாது. அளந்து செலுத்தும் அறிவே அதனை மருந்தாக்குகின்றது.

அங்ஙனமாயின், தீங்குக்குப் பொறுப்பாளி கையாள்பவன் மட்டுமே எனலாமா? தெளிகருவியைச் சுமப்பவன் பெரும்பாலும் நஞ்சைத் தேர்ந்தவனல்லன். அளவை அறியும் வாய்ப்பும் அவனுக்கு அரிது. 1995 இல் இலங்கை மிகக் கொடிய பூச்சிகொல்லிகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. தொடர்ந்த ஆண்டுகளில் நஞ்சினால் நேர்ந்த இறப்புகள் குறைந்தன. எந்த நஞ்சு எவர் கைக்கு எட்டலாம் என்பதைத் தீர்மானிப்போரும் அறத்தின் முன் விடையிறுக்கக் கடமைப்பட்டவர்களே.