சுவர் தாங்கியது

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்தபோது, இடித்துச் சமன்செய்தவர்களுக்கு அந்த இடத்தையே கொடுத்தார். வெளிவீதிகள் உருவாயின. சுவரே தன்னை இடிக்கக் கூலி கொடுத்தது. அது சாத்தியமானதற்குக் காரணம், அந்தச் சுவர் காப்பதற்கு அப்போது அரசன் இல்லை.

வீட்டுச் சுவர் விஷயம் வேறு. கூடத்தை அகலப்படுத்த அம்மாவின் அறைச் சுவரை எடுத்துவிட நினைத்தேன். கொத்தனார் போட்ட எஸ்டிமேட்டில் இடிக்கிற கூலி சொற்பம். மேல்தளத்தைத் தாங்க வைக்கவேண்டிய இரும்பு உத்திரம்தான் பெருந்தொகை. சுவர் இத்தனை வருஷம் சும்மா செய்துவந்த வேலைக்கு இப்போதுதான் விலை தெரிகிறது.

உத்திரத்துக்குக் கணக்கு உண்டு. அம்மா இழக்கப்போகும் மறைவை எந்தப் பத்தியில் எழுதுவது? கேட்டேன். "ஒன் இஷ்டம்ப்பா" என்றாள். அதைச் சம்மதம் என்று வரவு வைக்க, பேரேடு எழுதியே பழகிய என் கை வரவில்லை.