தானே மூடும் கதவு

காலை எட்டு மணியளவில் தொட்டியத்தில் பேருந்துக்காகக் காத்து நிற்போர் நன்கறிந்த காட்சி ஒன்று உண்டு. முசிறி, குணசீலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் வண்டி வந்து நிற்கும். உள்ளே கால் வைக்க இடமிராது. ஆயினும் மாணவர், கொத்தனார், கூடைக்காரப் பெண்கள் என ஒவ்வொருவராய் ஏறுவர். கடைசி நாலைந்து பேர் படிக்கட்டிலேயே தங்கிவிடுவர். நடத்துநரின் விசில் ஒலிக்கும், வண்டி புறப்பட்டுவிடும். ஒருபுறம் வாழைத் தோட்டம், மறுபுறம் காவிரி. அத்தனை அழகான சாலையில், எதிரே லாரி வரும்போது படிக்கட்டில் நிற்கும் பிள்ளை தன் உடலைச் சற்றே உள்ளிழுத்துக் கொள்கிறான். அந்த ஓரங்குல இடைவெளியில்தான் அவனுடைய எதிர்காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதற்கு ஒரு மாற்றாகத்தான் தானியங்கிக் கதவு வந்தது. பெயர்தான் தானியங்கி, உண்மையில் அதை இயக்குவது ஓட்டுநரின் விரல். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு காற்றழுத்தி, கலன்களில் காற்றை அடைத்து வைக்கிறது. பெரிய வண்டிகளின் பிரேக்கை இயக்கும் அதே காற்றின் ஒரு கிளைதான் கதவுக்கும் வருகிறது. விசையைத் தட்டியதும் வால்வு திறக்கிறது. உருளைக்குள் புகும் காற்று தண்டைத் தள்ளுகிறது. 'புஸ்' என்ற ஓசையோடு கதவு மடங்கித் திறக்கிறது அல்லது விரிந்து மூடிக்கொள்கிறது. ஆபத்துக் காலத்தில் அக்காற்றை வெளியேற்றிவிட்டுக் கதவைக் கையாலேயே தள்ளித் திறக்க ஒரு கைப்பிடியும் உண்டு. பயணிகளில் எத்தனை பேர் அதை ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்திருப்போம்?

இக்கதவின் தேவையைக் குறித்து நமக்குள் வாதம் இருக்க முடியாது. 2012 டிசம்பரில் சென்னைப் பெருங்குடியில், பேருந்தின் ஓரமாகத் தொங்கிச் சென்ற மாணவர் நால்வர் லாரி மோதி மாண்டனர். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து இப்பிரச்சினையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், மின்தொடர் வண்டியின் திறந்த வாயிலில் தொங்கிச் சென்றவர்கள் நடைமேடையோரச் சுவரில் அடிபட்டு உயிரிழந்தனர். கதவு இருந்து, அது மூடியும் இருந்திருந்தால் அவர்கள் வீடு திரும்பியிருப்பர்.

எனினும் நம் உள்ளத்தில் ஒரு முணுமுணுப்பு எழுகிறது. மூடிய கதவுக்கு வெளியே நிற்பவன் யார்? பழைய படிக்கட்டில் ஒரு கை இருந்தது. ஓடி வருபவனைக் கண்டு "ஏறு, ஏறு" என்று நீளும் கை அது. வண்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் தட்டி நிறுத்தச் சொல்லும் கை. தேர்வுக்குச் செல்லும் மகளும், மருத்துவமனையில் கிடக்கும் தந்தைக்குச் சோறு கொண்டு செல்லும் மகனும் அக்கையால் ஏற்றப்பட்டனர். இரக்கம் என்பது அந்தந்தக் கணத்தில், கண்ணுக்குக் கண் பார்த்து அளிக்கப்படுவது என்றே நாம் பழகிவிட்டோம். கதவுக்கோ கண் இல்லை.

ஆனால் அந்தக் கையை நாம் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடக் கூடாது. அது அறிந்த முகத்துக்கு நீண்டது. அறியாத முகத்துக்குச் சில வேளை நீளவில்லை. இளைஞன் தாவி ஏறினான். சுமையோடு வந்த மூதாட்டி நின்றுவிட்டாள். அது காட்டிய இரக்கத்தின் விலையையும் பெரும்பாலும் படிக்கட்டில் நின்றவனே செலுத்தினான்.

மனிதக் கையின்றித் திறக்கும் கதவு என்பது புதிய எண்ணமன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஏரோன் என்னும் அறிஞர் ஒரு கோயிற்கதவை விவரித்திருக்கிறார். பலிபீடத்தில் தீ மூட்டினால், அடியில் உள்ள காற்று சூடேறி விரியும்; அது நீரை ஒரு வாளிக்குள் தள்ளும்; கனத்த வாளி இறங்கும்போது கயிறுகள் கதவின் அச்சுகளைச் சுழற்றும்; கதவு திறக்கும். தீ அணைந்தால் நீர் திரும்பிச் செல்ல, கதவும் மூடிக்கொள்ளும். வெளியே நிற்கும் மக்களுக்குத் தெரிவது அற்புதம் மட்டுமே. கையை மறைப்பதே அப்பொறியின் நோக்கம். இன்றைய கதவுகளிலும் கை மறைந்தே இருக்கிறது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

எங்கே மறைந்திருக்கிறது? மகிழுந்தின் மின்சாரச் சன்னலை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறும் அமைப்பு முன்பு பரவலாக இருந்தது. சன்னலுக்கு வெளியே தலை நீட்டிய குழந்தையின் முழங்கால் தற்செயலாய் அப்பொத்தானில் பதிந்தால் போதும். கண்ணாடி ஏறிக் கழுத்தை நெரித்துவிடும். அமெரிக்காவில் குழந்தைகள் சிலர் இவ்வாறு இறந்தனர். அதன் பின், பொத்தானை மேல்நோக்கி இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏற வேண்டும் என்னும் விதியை அந்நாட்டரசு வகுத்தது. முழங்கால் அழுத்தும்; இழுக்காது. எவ்வளவு சிறிய மாற்றம்! ஒருவர் பொத்தானைப் பிடித்துக் கொண்டிராமலே ஏறி மூடும் கண்ணாடிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. தடையை உணர்ந்தால், அதன்மீது 100 நியூட்டன் விசையை எட்டுமுன்பே அது திரும்பி இறங்கிவிட வேண்டும். ஏறத்தாழப் பத்துக் கிலோ எடையின் அழுத்தம் அது. எங்கோ ஒரு மேசையருகே அமர்ந்தவர்கள், தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு குழந்தையின் கழுத்தை எண்ணி அந்த எண்ணைக் குறித்தார்கள். இதுவும் இரக்கந்தான். முகம் பாராத இரக்கம். ஆகவே ஆள் பாராத இரக்கம்.

முகம் பாராமையின் மறுபக்கத்தையும் கண்டிருக்கிறோம். 2023 சனவரியில் இராஜமுந்திரி நிலையத்தில், படம் எடுத்துக்கொள்ள வந்தே பாரத் வண்டியினுள் ஏறிய ஒருவர், கதவுகள் மூடிக்கொண்டதால் விஜயவாடா வரை செல்ல நேர்ந்தது. நாடே சிரித்தது. அவருக்காகக் கதவு திறக்கவில்லை. திறந்திருந்தால், ஓடும் வண்டியில் எவருக்கும் திறக்கும் கதவாக அது ஆகிவிடும். பத்துக் கன்னியர் உவமையில் அடைக்கப்பட்ட கதவு நம்மை ஏன் இன்றளவும் உறுத்துகிறது என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பிந்தியவர்கள்மீது நமக்குள்ள பரிவு எளிதில் தணிவதில்லை.

ஆயின் நம் கேள்வி, கதவு வேண்டுமா வேண்டாமா என்பதன்று. மூடிய கதவு எதை நம்மிடம் கேட்கிறது என்பதே. 2025 ஜூன் 9 அன்று மும்பையை அடுத்த மும்ப்ராவில், நெரிசல் மிக்க புறநகர் வண்டிகளின் வாயில்களில் நின்றவர்கள் விழுந்து இறந்தனர். புதிய வண்டிகளில் தானியங்கிக் கதவு பொருத்துவோம் என்று இரயில்வே அறிவித்தது. உடனே இன்னொரு சிக்கல் எதிர்நின்றது. குளிர்சாதனமில்லா வண்டியில், அத்தனை நெரிசலில் கதவை மூடினால் உள்ளிருப்போர் மூச்சுக்கு என் செய்வர்? எனவே கதவிலேயே காற்று புகும் சாய்தகடுகள் வேண்டும், கூரை வழியே காற்றைச் செலுத்தும் கருவி வேண்டும், பெட்டிக்குப் பெட்டி சென்று நெரிசலைப் பகிர இடைவழி வேண்டும் என்று திட்டமிட்டனர். ஒரு கதவை மூட முயன்றபோது முழு வண்டியையுமே மாற்ற வேண்டியிருந்தது.

நம் சாலையிலும் அதுவே நிலை. தொட்டியத்தில் வந்து நிற்கும் வண்டிக்குக் கதவு இருந்து, அதை ஓட்டுநர் உண்மையாகவே மூடுவாராயின், படிக்கட்டில் நின்றிருக்க வேண்டிய பிள்ளைகள் சாலையோரத்தில் நிற்பர். உயிரோடு நிற்பர், அது பெரிது. ஆனால் முதல் மணி அடித்த பின்னரே பள்ளிக்குள் நுழைவர். சில வீடுகளில், "பஸ் கிடைக்காவிட்டால் படிப்பு எதற்கு?" என்ற பேச்சு பெண் பிள்ளைகளைக் குறித்தே முதலில் எழும். இதனால்தான் பல ஊர்களில் கதவு இருந்தும் திறந்தபடியே வண்டி ஓடுகிறது. ஓட்டுநர் விதியை மீறுகிறார் என்று குற்றம் சொல்வது எளிது. வெளியே நிற்போரின் கண்களைப் பக்கக் கண்ணாடியில் நாள்தோறும் பார்ப்பவர் அவர்; காலை எட்டு மணிக்கு இவ்வழியே எத்தனை வண்டிகள் செல்ல வேண்டும் என்று அட்டவணை எழுதுபவர் அக்கண்களைப் பார்ப்பதில்லை. கதவு பொருத்திய அன்றே அந்த அட்டவணையிலும் ஒரு வரி கூடியிருக்க வேண்டும். விடுபட்டு நின்ற தலைகளை ஒரு வாரம் எண்ணினாலே அந்த வரியை எழுதிவிடலாம்.