முழி

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் யாருடைய போனாவது தொலைந்தால், பத்து நிமிடத்தில் ஒரு சந்தேக நபர் கிடைத்துவிடுவார். "அவன் முழியே சரியில்ல" என்பதுதான் சாட்சியம். 14 கிலோமீட்டர் தூக்கமில்லாமல் நடப்பவனின் முழி எப்படிச் சரியாக இருக்கும்?

2011இல் வந்த 'எல்.ஏ. நுவார்' வீடியோ கேமும் முழியை நம்பித்தான் நிற்கிறது. நடிகர்களைச் சுற்றி 32 கேமராக்கள் வைத்து முக அசைவுகளைப் பதிவு செய்தார்கள். எதிரில் இருப்பவர் சொல்வது உண்மையா, பொய்யா, சந்தேகமா என்று நாம் தீர்மானிக்க வேண்டும். பொய் என்றால் ஆதாரம் காட்டணும். சந்தேகத்துக்கு அதுகூட வேண்டாம், கண் உருண்டால் போதும். தத்ரூபம் என்று எல்லோரும் வியந்தது இதைத்தான். ஆனால் அவை, பொய் சொல்பவர் மாதிரி நடிக்கச் சொல்லி எடுத்த முகங்கள்!

அதில் 'கோல்டன் பட்டர்ஃபிளை' என்று ஒரு வழக்கு. (இவ்வளவு பழைய கேமுக்கு இனி என்ன ஸ்பாய்லர்.) கொல்லப்பட்ட பெண்ணின் கணவன் ஒருவன், குழந்தைகளிடம் தவறாக நடந்த ஆள் இன்னொருவன். இருவருக்கும் எதிராக ஆதாரம் இருக்கிறது. கேப்டனுக்கு இரண்டாமவன்தான் வேண்டும். அவனை மாட்டிவிட்டால் பாராட்டு, கணவனை மாட்டிவிட்டால் திட்டு. இருவருமே கொலை செய்யவில்லை என்பது பிற்பாடு தெரியவரும். "இன்னும் தெரியல சார்" என்று சொல்ல பட்டன் கிடையாது.

கோவலனுக்கும் அந்த பட்டன் கிடைக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் காவலர்கள் அவன் தோற்றத்தைப் பார்த்து, இவன் கொலைக்குரியவன் அல்ல என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான், திருடர்களின் தந்திரங்களை அடுக்குகிறான். நல்ல முகமே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது. குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். காவலர்கள் முகத்தைச் சரியாகத்தான் படித்தார்கள், என்ன பிரயோஜனம்? சிலம்பை உடைத்து உள்ளே மாணிக்கம் என்று கண்ணகி காட்டியதுதான் ஆதாரம். அது தாமதமாக வந்தது.

போலீஸிடம் தந்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது 1872 சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவு. 2024 ஜூலையில் அமலான புதிய சட்டத்திலும் அது நீடிக்கிறது. அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. கேம்களிலோ ஒப்புக்கொண்டதும் கேஸ் முடிந்தது.

எனக்குப் பிடித்தது லூகஸ் போப்பின் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018). கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், 60 பேர், கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக முகங்கள். ஒருவரின் முழியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தூங்கும் தொட்டிலின் எண், காலணி, யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று தேடித்தான் பெயர் எழுத வேண்டும். மூன்று பேரின் கதி சரியானால் கேமே உறுதிசெய்துவிடும் என்பதால் குருட்டடியும் அடிக்கலாம், அது குறைதான். ஆனால் தெரியாத பெயர்களைக் காலியாக விட்டுவிட்டு, காத்திருக்கும் படகில் இறங்கிப் போய்விடலாம்.